அந்தப் பக்குக்கு ஒரு பெயர் வையுங்கள்

சென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 31 வயது. கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக இரண்டாம் நிலை சப்போர்ட்டில் இருக்கிறார். அவர் பார்த்துக்கொள்ளும் வாடிக்கையாளர், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட். 14 மாதங்களாக ஒரே பக், அதாவது மென்பொருள் பிழை, திரும்பத் திரும்ப வருகிறது. கடைக்கு வருகிறவர் யுபிஐயில் பணம் கட்டும்போது சில நேரம் பில்லிங் திரை அப்படியே நின்றுவிடுகிறது. கேஷியர் மறுபடியும் ‘சேவ்’ அழுத்துகிறார். பில் இரண்டு முறை பதிவாகிறது: ஒன்று யுபிஐ கணக்கில், இன்னொன்று ரொக்கக் கணக்கில். இரவு கணக்கு முடிக்கும்போது, கல்லாவில் பணம் குறைகிறது என்று ரிப்போர்ட் வருகிறது.

இதுவரை 37 டிக்கெட்டுகள், அதாவது புகார்ப் பதிவுகள். பெரும்பாலும் சனிக்கிழமை மாலையிலும் மாதத்தின் முதல் வாரத்திலும். ஒவ்வொரு முறையும் இவர் டேட்டாபேஸில் ஒரு ஸ்கிரிப்ட் (சில வரிக் கட்டளைகள்) ஓட்டி ரொக்கப் பதிவை நீக்குகிறார். ஒரு டிக்கெட்டுக்குச் சுமார் 40 நிமிடம் ஆகிறது. டெவலப்பர்கள் “எங்ககிட்ட இது வரவே இல்லையே” என்று மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேனேஜருக்கு எஸ்.எல்.ஏ. நேரம், அதாவது வாடிக்கையாளருக்கு ஒப்புக்கொண்ட கெடு, தாண்டக் கூடாது என்ற கவலை. “யூசர் எரர்னு போட்டு க்ளோஸ் பண்ணும்மா, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்” என்கிறார். அந்த அடுத்த ரிலீஸ் (மென்பொருளின் புதுப் பதிப்பு) இதுவரை நான்கு முறை வந்து போய்விட்டது.

போன மாதம் ஒரு கிளையிலிருந்து கேஷியர் பெண் ஒருவர் இவரை அழைத்திருக்கிறார். “அக்கா, சம்பளத்துல 4,300 ரூபா புடிச்சிட்டாங்க. நான் எடுக்கலக்கா.” அந்தத் தேதியின் டிக்கெட்டைத் தேடிப் பார்த்தால், ஸ்கிரிப்ட் ஓடியது மறுநாள் மதியம். இரவு ரிப்போர்ட் அதற்குள் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. டிக்கெட்டோ இவர் கையாலேயே ‘யூசர் எரர்’ என்று மூடப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை என்று எழுதுகிறார்.

அவருடைய கேள்விகள் இவை. மூடிய டிக்கெட்டுகளைத் திறக்கலாமா? மேலே சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமா? நாளை வழக்கு என்று வந்தால் தன் பெயரும் இழுக்கப்படுமா? ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளலாமா, லிங்க்ட்இன்னில் எழுதிவிடலாமா? கடைசியாக, “ஒரு பக்கைச் சரிசெய்ய வைக்க முடியாத நான் இந்த வேலைக்கு லாயக்கானவள்தானா?”

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது உங்களைப் படுத்துகிற பாட்டில் மற்ற கேள்விகளுக்கு நீங்கள் நிதானமாக விடை தேட முடியவில்லை என்று தோன்றுகிறது.

சப்போர்ட் வேலையில் 26 வருடம் இருந்தவன் நான். இப்போது சப்போர்ட் குழுக்களுக்குப் பயிற்சி தருகிறேன். தீராத பக் ஒன்றுகூட இல்லாத மென்பொருளை இன்றுவரை நான் பார்த்ததில்லை. நீங்கள் தினமும் திறக்கிற எக்ஸெலையே பாருங்கள். 1900ஆம் ஆண்டு லீப் வருடம் இல்லை. ஆனால் எக்ஸெலில் 1900 பிப்ரவரி 29 என்ற தேதி இருக்கிறது. அதற்கு முன்பு புழக்கத்தில் இருந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளின் தவறு அது. அந்தக் கோப்புகள் எக்ஸெலில் ஒழுங்காகத் திறக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அந்தத் தவறையும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குத் திருத்தினால் உலகத்தில் இருக்கிற பழைய ஷீட்டுகளில் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள். இது வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிற விஷயம்.

ஆகவே, எல்லா பக்கையும் சரிசெய்தே ஆக வேண்டும், செய்ய வைக்க முடியாவிட்டால் அது சப்போர்ட்டின் தோல்வி என்று நீங்கள் நினைப்பது சரியில்லை. எதைத் திருத்துவது, எதை விடுவது என்ற முடிவு உங்கள் மேஜையில் எடுக்கப்படுவதில்லை. முடிவெடுக்கிறவர்களுக்கு முன்னால் அந்த பக் அதன் முழு உருவத்தில் இருக்கிறதா என்பதுதான் உங்கள் மேஜையில் தீர்மானமாகிறது. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் நிறுவனத்தில் இந்த பக் எங்கேயும் இல்லை. 37 யூசர் எரர்கள்தான் இருக்கின்றன.

மூடுவதில் தவறில்லை, காரணத்தில்தான் தவறு

டிக்கெட்டை மூடுவதையே ஒரு பொய்யாக நீங்கள் நினைக்கிறீர்கள். இங்கே உங்கள் மேனேஜர் பாதி சரி.

ஐ.டி. சேவைகளை நடத்துவதற்கான நடைமுறைத் தொகுப்பான ஐடில் (ITIL) படித்திருப்பீர்கள், சான்றிதழும் வாங்கியிருப்பீர்கள். அப்புறம் எல்லாரையும் போல மறந்திருப்பீர்கள். அதில் இன்சிடென்ட் வேறு, பிராப்ளம் வேறு. கடையில் கணக்கு இடித்தது இன்சிடென்ட். கணக்கு நேராகி, கேஷியர் வேலையைத் தொடர முடிந்தால் அதை மூடலாம், மூடவும் வேண்டும். ஏன் இடிக்கிறது என்பது பிராப்ளம். அதற்கென்று தனியாக ஒரு பதிவு, அதற்கு ஒரு பொறுப்பாளர், தனிக் காலக்கணக்கு உண்டு. மூலகாரணம் ஓரளவு தெரிந்தும் தீர்வு வராமல் இருந்தால் அது ‘நோன் எரர்’. தெரிந்த பிழை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு பட்டியலில் வைப்பது. அந்தப் பட்டியலில் ஒன்று வருடக்கணக்கில் கிடந்தாலும் யாருடைய எஸ்.எல்.ஏ.வும் உடையாது.

உங்களிடம் 37 இன்சிடென்ட்டுகள் இருக்கின்றன, பிராப்ளம் பதிவு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் டெவலப்பருக்கு ஒவ்வொரு தடவையும் இது ஏதோ ஒரு ஊரில் நடந்த ஒற்றைச் சம்பவமாகத் தெரிகிறது. நாளைக்கே ஒரு பிராப்ளம் பதிவைத் திறங்கள். மனிதர் வாயில் நுழைகிற மாதிரி அதற்கு ஒரு பெயரும் வையுங்கள். ‘யுபிஐ இரட்டைப் பதிவு’ என்பது போல. எண்ணை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் இருந்தால் மீட்டிங்கில் பேச்சு வரும். பழைய 37 டிக்கெட்டுகளையும் அதனோடு இணையுங்கள். பெரும்பாலான டிக்கெட் மென்பொருள்களில் மூடிய டிக்கெட்டைத் திறக்காமலே இணைக்கலாம். எனவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: திறக்க வேண்டாம், இணைத்தால் போதும். மேனேஜரின் மாதாந்திர எண்களும் கெடாது.

ஆனால் ‘யூசர் எரர்’ என்ற காரணத்தை இனி ஒரு டிக்கெட்டிலும் போடாதீர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. “சார், கணக்கைச் சரிபண்ணிட்டு மூடிடறேன். காரணம் மட்டும் சாஃப்ட்வேர்னு போடறேன், இதுதான் பிராப்ளம் நம்பர்” என்று சொல்லுங்கள். எஸ்.எல்.ஏ. கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் மறுத்தால், அந்த மறுப்பை மெயிலில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான மேனேஜர்கள் வாயால் சொன்னதை எழுத்தில் சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கமே உங்களுக்குப் போதும்.

டால்மெலிங்டனில் நடந்தது

ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டன் அஞ்சல் துறையின் ஹொரைஸன் மென்பொருள் விவகாரத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 1999இல் கிளைகளுக்கு வர ஆரம்பித்த அந்தக் கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 2015 வரை 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் போடப்பட்டன. சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் சொத்தை விற்றுப் பணம் கட்டினார்கள். உலகமே அதை நீதி தவறிய கதையாகப் படிக்கிறது. சப்போர்ட்காரனாகிய எனக்கு அது முதலில் ஒரு டிக்கெட் கதை.

அதில் ஒரு பக்கின் பெயர் டால்மெலிங்டன், ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூர். 2015 அக்டோபரில் ஒரு கிளையில் 8,000 பவுண்டு ரொக்கம் வந்ததைப் பதிவு செய்கிறார்கள். திரை நகரவில்லை. மறுபடியும் என்டர் அழுத்துகிறார்கள். 8,000 பவுண்டு நான்கு முறை பதிவாகி, 24,000 பவுண்டு குறைகிறது என்று கணக்கு நிற்கிறது. நின்றுபோன திரை, மறுபடி அழுத்திய விரல், இரட்டிப்பான பதிவு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த ஊர்தான். அதற்கப்புறம் மென்பொருளை நடத்திய நிறுவனம் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தது. ஐந்து வருடத்தில் அதே மாதிரி 112 சம்பவங்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை அப்போதைக்கப்போதே ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டிருந்தன. அதாவது அங்கேயும் ஒவ்வொரு தடவையும் யாரோ கணக்கை நேராக்கிவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். இந்த 112ம் ஒரே பக் என்று சேர்த்துப் பார்க்கத்தான் ஐந்து வருடம் ஆள் இல்லை.

தெரிந்த பிழைகளின் பட்டியல் ஒன்றும் அந்த சப்போர்ட் குழுவிடம் இருந்தது. கிளைக்காரர்கள் பலருக்கோ, உதவி எண்ணுக்கு அழைத்தபோது ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி’ என்ற பதில்தான் கிடைத்தது. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில், 2019 டிசம்பர் தீர்ப்புக்கு முன்னால் அந்தப் பட்டியலும் உள்டிக்கெட்டுகளும் வெளியே வந்து சாட்சியாக நின்றன.

உங்கள் கதை அவ்வளவு தூரம் போகும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் அந்தக் கேஷியருக்கு 4,300 ரூபாய் என்பது எத்தனை நாள் சம்பளம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சூப்பர் மார்க்கெட்டின் கணக்குப் பிரிவில் இருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் டிக்கெட்டைத் திறந்து பார்த்திருப்பார், ‘யூசர் எரர்’ என்று இருந்திருக்கும். யூசர் யார்? அந்தப் பெண்.

ஸ்கிரிப்டைப் பற்றி ஒரு கவலை

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் உங்களுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் எப்போதும் ரொக்கப் பதிவை நீக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ‘எப்போதும்’ என்பதுதான் இடிக்கிறது.

திரை நின்ற அந்த நேரத்தில் கவுன்டரில் மூன்று விதமாக நடந்திருக்கலாம். யுபிஐ பணம் போய்விட்டது, கேஷியர் பதற்றத்தில் மறுபடி அழுத்தினார்: இதில் ரொக்கப் பதிவு பொய், உங்கள் ஸ்கிரிப்ட் சரி. அல்லது யுபிஐ நிஜமாகவே தோற்றுப்போய், வாங்க வந்தவர் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார்: இதில் ரொக்கம்தான் உண்மை, யுபிஐ பதிவு பொய். இங்கே நீங்கள் உண்மையை அழித்துவிட்டுப் பொய்யை வைத்துவிடுகிறீர்கள். கல்லாவில் பணம் மிஞ்சும், வங்கிக் கணக்கில் குறையும். மூன்றாவது: அவர் பொறுமை இழந்து ரொக்கம் கொடுத்துவிட்டுப் போன பிறகு யுபிஐயும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இதில் இரண்டுமே உண்மை, கடை அவருக்குப் பணம் திருப்பித் தர வேண்டும். அந்தக் கடனுக்கு இருந்த ஒரே தடயத்தை உங்கள் ஸ்கிரிப்ட் துடைத்துவிடுகிறது.

எது நடந்தது என்று டேட்டாபேஸை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்று உண்டு. கடைக்கு வங்கி தரும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டில் அந்த எண் இருந்தால் பணம் வந்தது, இல்லையென்றால் வரவில்லை. அதோடு ஒப்பிடாமல் இனி ஒரு வரியைக்கூட நீக்காதீர்கள். முடிந்தால் நீக்குவதையே நிறுத்துங்கள். தவறான பதிவை ரத்து செய்கிற இன்னொரு பதிவைப் போடுவதுதான் கணக்கு வழக்கம். நம் ஊர் பழைய கணக்குப்பிள்ளைகள்கூடத் தவறான வரியை அழிக்காமல் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவார்கள். அடித்தது தெரிய வேண்டும்.

இன்னொன்று. டேட்டாபேஸ் லாகில் (யார் எதை மாற்றினார் என்ற பதிவேட்டில்) 37 நீக்கங்களும் உங்கள் லாகின் பெயரில் இருக்கின்றன. யாருடைய ஒப்புதலும் எழுத்தில் இல்லை என்று நினைக்கிறேன். நாளை யாராவது ரொக்கப் பதிவுகளை நீக்கியது யார் என்று தேடினால் உங்கள் பெயர் மட்டும் வரும். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு சேஞ்ச் பதிவு (எதை, ஏன் மாற்றுகிறோம் என்ற பதிவு), திருத்தும் முன்பும் பின்பும் அந்த வரிகளின் நகல், இன்னொருவரின் ஒப்புதல், கிளைக்கு ஒரு தகவல். இந்த நான்கும் வேண்டும். 40 நிமிடம் 60 நிமிடம் ஆகும், ஆகட்டும். ஹொரைஸன் விவகாரத்தில் ஜனங்களை மிகவும் கொதிக்க வைத்தவற்றில் ஒன்று, கிளைக்காரருக்குத் தெரியாமல் அவர் கணக்கைத் தூரத்திலிருந்து மாற்ற முடியும் என்பதை வருடக்கணக்கில் மறுத்துவந்ததுதான்.

“எங்களிடம் வரவில்லை”

டெவலப்பர்கள் மீது உங்களுக்குக் கோபம். புரிகிறது. ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் நிஜமாகவே வரவில்லை.

1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் தெராக்-25 இயந்திரம் நோயாளி ஒருவருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ (கோளாறு 54) என்று மட்டும் வந்தது. தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள், அவர்களால் அதை மறுபடி வரவைக்க முடியவில்லை. இயந்திரம் மீண்டும் வேலைக்கு வந்தது. மூன்று வாரத்தில் இரண்டாவது நோயாளி. அப்புறம் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்ணும் உட்கார்ந்து, அன்று அவர் என்னென்ன விசையை எந்த வரிசையில் அழுத்தினார் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பிடிபட்டது. விவரத்தைத் தட்டச்சு செய்து, எட்டு வினாடிக்குள் திருத்தினால் மட்டும் தவறு வந்தது. தினமும் செய்து கைப்பழக்கமாகிவிட்ட வேகம் அது. சோதித்த பொறியாளர்கள் நிதானமாகத் தட்டியிருந்தார்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. சனிக்கிழமை மாலை, மாத முதல் வாரம். சம்பளம் வந்த கையோடு மளிகை வாங்குகிற நேரம். கவுன்டரில் வரிசை, யுபிஐயில் நெருக்கடி, கடையின் நெட்டும் திணறும். ஓ.எம்.ஆர். அலுவலகத்தின் ஃபைபர் இணைப்பில், வரிசையில் யாரும் முணுமுணுக்காத டெஸ்டிங் அறையில் இது எப்படி வரும்? என் ஊகம்: யுபிஐயின் பதில் வர நேரமாகும்போது ‘சேவ்’ பொத்தான் முடங்காமல் இருக்கிறது, இரண்டாவது அழுத்தத்தை மென்பொருள் புது பில்லாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பில்லுக்கு ஒரே அடையாள எண் என்று கட்டாயப்படுத்தாத இடங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். ஊகம்தான், அப்படியே நம்பிவிடாதீர்கள்.

37 டிக்கெட்டையும் ஒரு ஷீட்டில் போடுங்கள்: நேரம், கிளை, கவுன்டர் எண், மென்பொருள் வெர்ஷன், நெட் யாருடையது, இரண்டு பதிவுகளுக்கும் இடையே எத்தனை வினாடி. அந்தக் கடைசி வினாடிக் கணக்கைப் பார்த்தால் டெவலப்பருக்குக் கை பரபரக்கும். வேண்டுமென்றே நெட்டை மெதுவாக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். அனுமதி கிடைத்தால் ஒரு சனிக்கிழமை மாலை ஏதாவது ஒரு கிளையில், கேஷியரின் தோளுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். பதினான்கு மாத மெயில்கள் சொல்லாததை அது சொல்லும்.

அதற்குள், கேஷியர்களுக்கு ஒரு தற்காலிக வழி தேவை. ‘பொறுமையாக இருங்கள், அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்’ என்று ஒரு மெயில் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அது வழியே இல்லை. 1991 வளைகுடாப் போரில் பேட்ரியட் ஏவுகணைத் தளவாடத்தின் மென்பொருள், நீண்ட நேரம் அணைக்காமல் ஓடினால் நேரக் கணக்கில் பிசகியது. திருத்தம் தயாராகும்வரை படைக்குப் போன எச்சரிக்கையில் ‘மிக நீண்ட நேரம்’ ஓடினால் பிசகும் என்று இருந்தது, எத்தனை மணி என்று இல்லை. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு தளவாடம் 100 மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 25 அன்று வந்த ஏவுகணையை அது தவறவிட்டு 28 வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. இதற்கு நேர் எதிராக, போயிங் 787இன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டில் 248 நாள் தொடர்ந்து ஓடினால் வருகிற பக் 2015இல் தெரிந்தபோது, 120 நாளுக்கு ஒருமுறையாவது மின்சாரத்தை முழுதாக அணைத்துப் போட வேண்டும் என்று அமெரிக்க விமானத்துறை உத்தரவு போட்டது. எண் இருக்கிறது, செய்யவேண்டியதும் இருக்கிறது. உங்கள் குறிப்பும் அப்படி இருக்கட்டும்: திரை நின்றால் ‘சேவ்’ பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள், ‘இன்றைய பில்கள்’ பட்டியலைத் திறந்து அந்தத் தொகை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இன்னது செய்யுங்கள், இல்லாவிட்டால் இன்னது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுகிற அளவுக்கு நான்கு வரி, தமிழில்.

வேலை, சட்டம், ஸ்கிரீன்ஷாட்

நான் வழக்கறிஞர் இல்லை. சட்டப்படி உங்கள் நிலை என்ன என்பதை, வேலை நியமனக் கடிதத்தோடு தொழிலாளர் சட்டம் பார்க்கிற ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை சில விஷயங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அது உங்களைக் காப்பாற்றும் என்று நம்புகிறீர்கள், பெரும்பாலும் அதுதான் உங்களை மாட்டிவிடும். அந்தத் திரைகளில் வாங்க வந்தவர்களின் கைபேசி எண்கள் இருக்கும். ஒப்பந்தத்தின் கீழ் கைக்கு வந்த தனிப்பட்ட தகவலை, ஒருவருக்கு நஷ்டம் விளையும் என்று தெரிந்து வெளியே விடுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்று வருடம்வரை சிறை இருக்கிறது. உங்கள் நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் பக்கைப் பற்றிய பேச்சு முடிந்து உங்களைப் பற்றிய விசாரணை ஆரம்பித்துவிடும். லிங்க்ட்இன் பதிவும் அப்படியே. ஆதாரம் நிறுவனத்துக்குள்ளேயே, டிக்கெட்டிலும் பிராப்ளம் பதிவிலும் மெயிலிலும் இருக்கட்டும். உங்கள் சொந்த நோட்டில் தேதியும் டிக்கெட் எண்ணும் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதும் போதும்.

மேலே சொன்னால் வேலை போகுமா? போகாது என்று உறுதி தர என்னால் முடியாது. ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் பாதி இருக்கிறது. ‘மேனேஜர் பொய் சொல்லச் சொன்னார்’ என்று போனால் அது இருவருக்கு இடையிலான சண்டை. ‘37 சம்பவம், கிட்டத்தட்ட 25 மணி நேர வேலை, வாடிக்கையாளரின் ஊழியருக்குச் சம்பளப் பிடித்தம், தணிக்கையில் கேள்வி வரக்கூடிய நீக்கங்கள்’ என்று போனால் அது நிறுவனத்தின் கவலை. முதலில் மேனேஜரிடமே, அவர் பெயரும் சேர்ந்து போகிற மாதிரி கொண்டுபோங்கள். பத்து நாளில் நகரவில்லை என்றால் அந்த வாடிக்கையாளரின் கணக்கைப் பார்க்கிற அதிகாரியிடம். உங்கள் நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதாக இருந்தால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177ஆவது பிரிவுப்படி ஊழியர் புகாருக்கென்று பாதுகாப்பான ஒரு வழி இருந்தாக வேண்டும். அது மூன்றாவது படி, முதல் படியாக்கிவிடாதீர்கள்.

ராஜினாமாவைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். நீங்கள் போய்விட்டால் அந்த 37ஐயும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் போய்விடுவார். ஆறு மாதம் கழித்தும் ‘யூசர் எரர்’ போடச் சொல்லி வற்புறுத்தினால் அப்போது வேறு வேலை தேடுங்கள், நானே சொல்வேன். தூக்கம் இன்னும் இரண்டு வாரத்தில் திரும்பவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் அந்த 4,300 ரூபாய்

பணம் குறைந்ததற்காக ஊழியரின் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால், அந்த இழப்பு நேரடியாக அவருடைய அலட்சியத்தாலோ தவறாலோ வந்ததாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தர வேண்டும். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்தே வருகிற விதி இது. அந்தப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்காது. அவருடைய முதலாளியின் கணக்குப் பிரிவுக்கு, அது மென்பொருளின் தவறு என்பதே தெரியாது. தெரிந்த ஆள் நீங்கள்.

ஆகவே திங்கட்கிழமை காலை வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். அந்தத் தேதியின் பதிவுகளை எடுத்து, வங்கி ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு, அன்று நடந்தது மூன்றில் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரொக்கப் பதிவு பொய்தான் என்றால், அந்த டிக்கெட்டில் ‘மூடிய காரணம் தவறு, இது மென்பொருள் பிழை’ என்று உங்கள் பெயரிலேயே ஒரு குறிப்பு போடுங்கள். உங்கள் தவறை நீங்களே எழுதுவதற்குக் கை கூசும், பரவாயில்லை. பிறகு மேனேஜரிடம் போய், திருத்திய இரவு ரிப்போர்ட்டைச் சூப்பர் மார்க்கெட்டின் தலைமை அலுவலகத்துக்கு நிறுவனத்தின் மெயிலிலிருந்தே அனுப்ப அனுமதி கேளுங்கள். அவர் உடனே சரி என்று சொல்ல மாட்டார், மத்தியானம் மறுபடியும் கேளுங்கள். மெயில் போனதும் அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் பண்ணி, எந்தத் தேதியில் யாருக்கு மெயில் போயிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவர் தன் மேலாளரிடம் போய்க் கேட்பதற்கு அந்தத் தேதி வேண்டும்.